நெல் வெட்டிய வயலில் ஒரு பயறு: அவரையினப் பயிர்கள் என்ன செய்கின்றன, எப்போது செய்வதில்லை

பெரும்போக நெல்லை வெட்டி முடித்த பிறகு திருகோணமலை மாவட்டத்தின் மானாவாரி வயல்களில் அடுத்த மழை வரும்வரை அநேகமாக ஒரு வேலையும் நடப்பதில்லை. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் கந்தளாய், தம்பலகாமம் வயல்களில் சிறுபோகம் செய்கிறார்கள். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, ஈச்சிலம்பற்றுப் பக்கங்களில் குளத்து நீர் எட்டாத வயல்கள் மார்ச் முதல் ஒக்டோபர் வரை வெயிலில் காய்ந்தபடி கிடக்கின்றன. ஆனால் அறுவடை முடிந்த கையோடு மண்ணைக் கிண்டிப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தை நம்பி 60 முதல் 65 நாளில் ஒரு பயறு (பாசிப்பயறு) எடுக்கலாம். வீட்டுக்குப் புரதம் வரும், கொஞ்சம் காசு வரும், அடுத்த நெல்லுக்குப் பசளையில் ஒரு பங்கும் மிஞ்சும். வளரும் நாடுகளின் விவசாயத்தில் அவரையினப் பயிர்களுக்கு உள்ள இடம் என்னவென்று கேட்டால், இந்தச் சும்மா கிடக்கும் வயலிலிருந்து தொடங்குவதுதான் சரி.

அவரையினம் என்பது காய் இரண்டாகப் பிளந்து விதை வெளிவரும் பெரிய குடும்பம். பயறு, உழுந்து, கௌபி, கச்சான் (நிலக்கடலை), சோயா, துவரை, கொள்ளு, கடலை எல்லாம் இதற்குள் வரும். நாம் தினமும் கறி வைக்கும் மைசூர்ப் பருப்பும் இந்தக் குடும்பந்தான். ஆனால் அது குளிர்ந்த, உலர்ந்த காலநிலையைக் கேட்கும் பயிர் என்பதால் இலங்கையில் விளைவதில்லை; கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. நாம் சாப்பிடாத உறவினர்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு: வேலியில் நிற்கும் சீமைக்கிளுவை, பசுந்தாளாக உழுது விடும் சணப்பை, தக்கைப்பூண்டு.

வேரில் நடக்கும் வேலை

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் 78 வீதம் நைதரசன். பயிர் பச்சையாய் வளர நைதரசன் கட்டாயம் வேண்டும். ஆனால் காற்றில் உள்ள நைதரசனில் இரண்டு அணுக்கள் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் நெல்லாலோ சோளத்தாலோ அதைத் தொடக்கூட முடியாது. தொழிற்சாலையில் அதைப் பிரித்து அமோனியா ஆக்க 400 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமும், நூறு வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தமும், மூலப்பொருளாக இயற்கை வாயுவும் தேவைப்படுகின்றன. யூரியா வருவது அந்த அமோனியாவிலிருந்துதான். உலகச் சந்தையில் வாயு விலை ஏறும்போது மூட்டை விலை ஏறுவதற்கும் அதுவே காரணம்.

இதே வேலையைச் சாதாரண மண் வெப்பத்தில் செய்யும் பற்றீரியாக்கள் மண்ணில் இருக்கின்றன. றைசோபியம் என்பது அவற்றுக்குப் பொதுவான பெயர். பயறு முளைத்ததும் அதன் வேர் சில இரசாயனங்களைக் கசிய விடுகிறது. அதை அறிந்து பற்றீரியா வந்து வேர்மயிருக்குள் நுழைகிறது. வேர் அந்த இடத்தில் சிறு உருண்டையாக வீங்கி அதற்கு இடம் கொடுக்கிறது. இதுதான் வேர்ச் சிறுகணு. செடி ஒளித்தொகுப்பில் செய்த வெல்லத்தில் ஒரு பங்கைக் கணுவுக்கு அனுப்புகிறது. பற்றீரியா காற்றின் நைதரசனை அமோனியாவாக்கிச் செடிக்குக் கொடுக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் நைதரசன் பதித்தல் என்று படிப்பது இதைத்தான்.

கணு இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்ய வேண்டும். பார்க்கும் வழி எளிது. விதைத்து 30 முதல் 35 நாளில், பூ தொடங்கும் நேரத்தில், வயலில் நான்கைந்து இடங்களில் செடியை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுங்கள். கையால் பிடுங்கினால் கணுக்கள் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், பிறகு இந்தப் பயிரில் கணுவே இல்லை என்று தவறாக முடிவு செய்வோம். வேரை வாளித் தண்ணீரில் மெல்ல அலசினால் கடுகளவு முதல் மிளகளவு வரை உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. நம் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான பொருளுக்கு உறவான ஒரு புரதம் அங்கே ஒட்சிசனைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதால் வரும் நிறம் அது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது திறமையில்லாத பற்றீரியா குடியேறியிருக்கிறது. பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது. காய் முற்றும் காலத்தில் அது இயல்பு. பூக்கும் காலத்திலேயே அப்படியென்றால் வயலில் ஏதோ பிழை இருக்கிறது.

வேரில் முடிச்சுகளைக் கண்டதும் எல்லாம் கணு என்று எண்ணிவிடவும் கூடாது. சிறுகணு வேரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தட்டினால் உதிரும். வட்டப்புழு தாக்கிய வேரில் வேரே முறுக்கி வீங்கியிருக்கும், தட்டினால் விழாது. முதலாவது வரவு, மற்றது நோய்.

கணு வேலை செய்யாமல் போவதற்குக் காரணங்கள் சிலதான். மண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்றுப் போகாமல் கணு செத்துவிடும். பொசுபரசு குறைவாக இருந்தால் கணு சிறிதாகவே நின்றுவிடும், ஏனென்றால் நைதரசனைப் பிரிக்கும் வேலை மிகுந்த சக்தியைத் தின்னும், அந்தச் சக்தியைக் கடத்துவதற்குப் பொசுபரசு வேண்டும். அடுத்தது யூரியா. பயிர் பச்சையாய் இருக்கட்டும் என்று நெல்லுக்குப் போடும் கணக்கில் பயறுக்கும் அள்ளி வீசினால், வேருக்குப் பக்கத்திலேயே நைதரசன் கிடைப்பதால் செடி கணுவை வளர்க்காது. இலை தழைக்கும், கொடி ஓடும், காய் குறையும். காசும் போய், இலவசமாக வரவேண்டியதும் நின்றுவிடும்.

பயறு, உழுந்து, கௌபி, கச்சான் ஆகியவற்றுக்கு ஏற்ற பற்றீரியா நம் வெப்ப நாட்டு மண்ணில் பொதுவாகவே இருக்கிறது. சோயா அப்படியல்ல. அதற்குத் தனி இனம் வேண்டும். சோயா முன்பு செய்யாத நிலத்தில் பற்றீரியாக் கலவையை விதையில் பூசித்தான் விதைக்க வேண்டும். அந்தக் கலவையில் இருப்பது உயிர். வெயிலில் வைத்த பொட்டலத்தால் பயனில்லை. விதைப்புக்குச் சற்று முன்னர் நிழலில் பூசி, அன்றைக்கே விதைத்து, மண்ணால் மூடிவிட வேண்டும்.

மண்ணுக்கு எவ்வளவு மிஞ்சும்?

அவரையினம் பயிரிட்டால் மண் தானாக வளமாகும் என்று எங்கும் சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. மறுபாதி, அறுவடைக்குப் பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பயறு விதையில் சுமார் 24 வீதம் புரதம். புரதத்தை 6.25ஆல் வகுத்தால் அதிலுள்ள நைதரசன் வரும். அதாவது விதையின் நிறையில் ஏறத்தாழ 3.8 வீதம். ஏக்கருக்கு 400 கிலோ பயறு எடுத்தால் அதோடு 15 கிலோ நைதரசன் வயலை விட்டுச் சாக்கில் ஏறிப் போகிறது. யூரியாவில் 46 வீதம் நைதரசன் என்பதால் இது 33 கிலோ யூரியாவுக்குச் சமம். மிஞ்சுவது இலை, தண்டு, வேர். அவற்றின் உலர் நிறை ஏக்கருக்கு 800 கிலோ என்றும் அதில் நைதரசன் ஒன்றரை வீதம் என்றும் வைத்துக்கொண்டால் 12 கிலோ நைதரசன் கிடைக்கும். 26 கிலோ யூரியா என்று சொல்லலாம். அது முழுவதும் அடுத்த நெல்லுக்குக் கைக்கு வராது. ஒரு பங்கு உக்கும்போது இழக்கப்படும், இன்னொரு பங்கு மண்ணின் சேதனப் பொருளோடு சேர்ந்து பின்னர் மெல்ல வரும்.

இப்போது செடியை வேரோடு பிடுங்கி, வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய் அடித்து, கொடியை அங்கேயே குவித்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். செடி காற்றிலிருந்து எடுத்தது போக, மண்ணிலிருந்தும் ஒரு பங்கு நைதரசனை எடுத்திருக்கிறது. எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோனால் மண்ணுக்கு நட்டந்தான். கச்சானில் இந்தச் சிக்கல் அதிகம், பிடுங்காமல் அதை அறுவடை செய்யவே முடியாது. ஆகவே காயை வயலிலேயே ஆய்ந்து, கொடியை அங்கேயே பரப்பிவிட வேண்டும். கொடியை மாட்டுக்கோ ஆட்டுக்கோ கொடுத்தால் அதுவும் நல்லதுதான், கச்சான் கொடியும் கௌபிக் கொடியும் வைக்கோலைவிட எத்தனையோ மடங்கு நல்ல தீனி. ஆனால் அந்த எரு திரும்ப அதே வயலுக்குப் போக வேண்டும்.

மண்ணை வளமாக்குவதே நோக்கம் என்றால் தானியத்துக்காக வளர்க்கும் பயிரைவிடப் பசுந்தாள் பயிர் மேல். சணப்பையோ தக்கைப்பூண்டோ பூக்கும் தறுவாயில் உழுது விட்டால் சேர்ந்த நைதரசன் முழுவதும் நிலத்துக்கே. வேலியோரச் சீமைக்கிளுவையை வெட்டிக் குழை தாழ்ப்பதும் அதே கணக்குத்தான். உலர்ந்த இலையில் 3 முதல் 4 வீதம் நைதரசன் உண்டு, அதுவும் சீக்கிரம் உக்கும். வரம்பில் இடம் இருப்பவர்கள் அதை நடாமல் இருப்பதற்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடுக்கப்பட்டபோது நாடு முழுக்க நெல் விளைச்சல் விழுந்ததைக் கண்டோம். சில மாதங்களில் தடை நீங்கினாலும் விலை உடனே இறங்கவில்லை. அவரையினம் ஒருபோதும் நெல்லின் முழு நைதரசன் தேவையையும் தீர்க்காது. அப்படி வாக்குக் கொடுப்பவர்களை நம்பக் கூடாது. ஆனால் பல போகங்களாகச் சுழற்சியில் அதைச் சேர்த்துவந்த வயல், பசளை கிடைக்காத ஒரு போகத்தைக் கொஞ்சம் தாங்கும். சேர்க்காத வயலுக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது.

சோற்றோடு ஏன் பருப்பு?

அரிசியில் புரதம் 7 வீதம் அளவு. பயறு, கௌபியில் 24, உழுந்தில் 25, கச்சானில் 25 வீதத்தோடு பாதியளவு எண்ணெய், சோயாவில் 36 முதல் 40. அளவு மட்டும் விஷயமல்ல. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைந்த மெதியோனின் அரிசியில் இருக்கிறது. சோறும் பருப்பும், தோசையும், பயறும் அரிசியும் சேர்ந்த பொங்கலும் உடலுக்கு முழுமையான புரதம் தருவது இதனால்தான். மீன் விலை ஏறும் நாட்களில், கடலுக்குப் போக முடியாத வாடைக்காற்றுக் காலத்தில், ஏழை வீட்டுக் குழந்தைக்குப் புரதம் தர இதைவிட மலிவான வழி இல்லை. அரசு தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷா மாவிலும் சோளத்தோடு சோயாவைச் சேர்த்திருப்பது இதே கணக்கில்தான்.

ஒரு சின்ன நடைமுறை: பயறிலும் கௌபியிலும் இரும்புச்சத்து உண்டு, ஆனால் உடலில் சேருவது கடினம். அவித்த கௌபியில் தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிட்டால் கூடச் சேரும். சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடித்தால் குறையும். குடிப்பதை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தால் போதும். இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நல்ல பயிர் என்றால் ஏன் பலர் செய்வதில்லை?

1960களின் பசுமைப் புரட்சி நெல்லுக்கும் கோதுமைக்கும் குட்டை இனங்களையும் நீரையும் பசளையையும் கொண்டுவந்தது. விளைச்சல் பெருகியது. பருப்பு வகைகளுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. நல்ல நிலத்தையும் வாய்க்கால் நீரையும் தானியம் எடுத்துக்கொண்டது, பருப்பு மேட்டுக்கும் மானாவாரிக்கும் ஒதுங்கியது. உலகில் பருப்பை அதிகம் விளைவிப்பதும் அதிகம் உண்பதும் இந்தியாதான். அப்படியிருந்தும் அங்கேயும் இறக்குமதி செய்ய வேண்டியிருக்கிறது. இலங்கையிலும் நெல்லுக்குப் பசளை மானியம், நெல் சந்தைப்படுத்தும் சபை, உத்தரவாத விலை என்று ஒரு ஏற்பாடு, குறைகளோடென்றாலும், இருக்கிறது. பயறு விளைவித்தவருக்குப் பெரும்பாலும் வாசலுக்கு வரும் வியாபாரி சொல்வதே விலை. உழுந்து, பயறு, கௌபி இறக்குமதியை 2020இல் அரசு கட்டுப்படுத்தியபோது உழுந்து விலை எகிறியது, வடையும் தோசையும் சுருங்கின. கப்பல் திரும்பி வந்தால் விலை விழும். இப்படி ஊசலாடும் விலையை நம்பி ஒரு கமக்காரர் நிலத்தையும் கூலியையும் போடத் தயங்குவதில் குற்றம் சொல்ல முடியாது.

கூலி இன்னொரு காரணம். பயறு ஒரே நாளில் முற்றாது. இரண்டு மூன்று முறை கையால் ஆய வேண்டும். அந்த வேலையை அநேகமாகப் பெண்களே செய்கிறார்கள், குறைந்த கூலிக்கு. செலவில் பெரிய பங்கு இந்த ஆய்ச்சலுக்குப் போகிறது என்பதை முதலிலேயே கணக்கில் வைக்காவிட்டால் இறுதியில் ஏமாற்றந்தான்.

எங்கள் மாவட்டத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை மாடு. பெரும்போக அறுவடை முடிந்ததும் வயல்வெளியில் மாடுகளை அவிழ்த்துவிடுவது வழக்கம். வெளி முழுவதும் வெறுமையாய்க் கிடக்க, நடுவில் ஒருவர் மட்டும் ஒரு ஏக்கரில் பச்சையாய்ப் பயறு வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மயிலும் முளையைக் கிள்ளும். ஆகவே இது தனியொருவர் எடுக்கும் முடிவல்ல. பெரும்போக ஆரம்பக் கூட்டத்திலேயே, நெல் வெட்டிய பிறகு எந்த வயற்கண்டத்தில் பயறு, மாடு எந்தப் பக்கம், காவல் யார் என்று பேசி முடிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து வயல்களாக ஒன்றுசேர்ந்து செய்தால் காவலும் இலேசு, வியாபாரியும் லொறியோடு வருவார்.

நெல் வெட்டிய வயலில் பயறு: செய்முறை

முதல் கேள்வி, நிலம் பொருந்துமா என்பது. களப்பை ஒட்டிய, உவர் ஏறும் வயலில் பயறு வேண்டாம். முளைக்கும், ஆனால் இலையோரம் கருகி நின்றுவிடும். மாதக்கணக்கில் நீர் தேங்கும் பள்ளமும் ஆகாது. நீர் வடியக்கூடிய செங்கபில மண்ணும் மணல் கலந்த களியும் நல்லவை.

இரண்டாவது, நாள். நெல் வெட்டிய பின் முதல் இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். விதைக்கும் ஆழத்து மண்ணை உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள்: உருண்டையாய் நின்று, பெருவிரலால் தட்டினால் உடைந்தால் ஈரம் சரி. கையில் ஒட்டினால் இரண்டு மூன்று நாள் பொறுக்கவும். பிடித்ததுமே பொடியானால் பிந்திவிட்டது. ஒரு தண்ணீர் கட்ட வழியில்லையென்றால் அந்த வருடம் விட்டுவிடுவதே நல்லது. சேறாக்கி நெல் நட்ட வயல் காயும்போது சீமெந்துபோல் இறுகும். ஈரம் இருக்கும்போதே வேர் கீழே இறங்கிவிட்டால்தான் பின்னர் ஆழத்து ஈரத்தை எடுக்கும். மார்ச் தொடக்கத்தில் விதைத்தால் மே நடுவுக்குள் ஆய்ந்து முடியும். ஜூன், ஜூலையில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் பூவும் பிஞ்சும் உதிர்வதற்கு முன்னால் பயிர் வீடு வந்துவிடும்.

வைக்கோலை எரிக்க வேண்டாம். எரிப்பவர்கள் சொல்லும் காரணம், வைக்கோலை உழுதால் அடுத்த பயிர் மஞ்சளிக்கிறது என்பது. அது உண்மைதான். வைக்கோலை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் பயறு தன் நைதரசனைத் தானே தேடிக்கொள்வதால் இந்தத் தொல்லை அதற்குப் பெரிதாகத் தெரியாது. இயந்திரம் வரிவரியாகக் குவித்துவிட்டுப் போகும் வைக்கோலை மட்டும் கலைத்து மெல்லிய படையாகப் பரப்பினால் ஈரமும் காயாது.

ஒரு முறை மேலோட்டமாக உழுது, கட்டி உடைத்து, உடனே விதைத்து மூட வேண்டும். உழுதுவிட்டு நாளைக்கு விதைப்போம் என்றால் இரவுக்குள் ஈரம் போய்விடும். மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எம்.ஐ. 5, எம்.ஐ. 6 என்ற இனங்கள் இந்தக் குறுகிய காலத்துக்குப் பொருந்தும். ஏக்கருக்கு 12 கிலோ விதை. வீசி விதைத்தால் 14. வரிசையில் என்றால் வரிக்கு வரி 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ., ஆழம் 3 முதல் 4 செ.மீ. சதுர மீற்றருக்கு 33 செடி நிற்க வேண்டும். வரிசையாய் விதைத்தால் களை எடுக்கக் காலடி வைக்க இடம் இருக்கும், அதனால் அதையே செய்யுங்கள்.

மண் பரிசோதனை செய்து பார்க்காதவர்கள் அண்ணளவாக ஏக்கருக்கு ரி.எஸ்.பி. (பொசுபரசுப் பசளை) 40 கிலோ, எம்.ஓ.பி. (பொட்டாசியப் பசளை) 30 கிலோ, யூரியா 12 முதல் 15 கிலோ என்று அடிக்கட்டுப் பசளை இடலாம். அந்தச் சிறிதளவு யூரியா, கணு உருவாகி வேலை தொடங்கும் முதல் இரண்டு மூன்று வாரத்தைக் கடப்பதற்காக மட்டுமே. பெரும்போகத்தில் நெல்லுக்கு இட்ட பொசுபரசு மண்ணில் மிஞ்சியிருக்கும் வயலில் ரி.எஸ்.பி.யைக் குறைக்கலாம். அதை முடிவு செய்ய மண்ணைச் சோதிக்க வேண்டும், ஊகம் போதாது.

மழை எதிர்பாராமல் கொட்டினால் நீர் வடிவதற்கு 3 முதல் 4 மீற்றருக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். களையை விதைத்து இரண்டாவது வாரமும் நான்காவது வாரமும் எடுக்க வேண்டும். பூத்த பிறகு வயலுக்குள் மிதிக்கக் கூடாது. ஒரே ஒரு தண்ணீர் தர வசதி இருந்தால் அதைப் பூக்கும் நேரத்துக்கு வையுங்கள். முழுப் பருவத்துக்கும் பயறுக்கு 300 மி.மீ. அளவு நீர் போதும், நெல்லுக்கு 1000 மி.மீ.க்கு மேல் வேண்டும்.

தப்பிப் போகும் இடங்கள் மூன்று. முளைத்து முதல் மூன்று வாரத்தில் செடி திடீரென மஞ்சளித்துச் சாய்ந்தால், அடித்தண்டைப் பிளந்து பாருங்கள். அடி வீங்கி வெடித்து, உள்ளே சிறு புழு அல்லது மண்ணிறக் கூடு இருந்தால் அது அவரை ஈ. பிந்தி விதைத்த வயலில் இது கூடும். கண்ட பிறகு மருந்தடித்துப் பெரிய பயனில்லை, விதைநேர்த்தி செய்து (விதையில் மருந்து பூசி) விதைப்பதே காப்பு. இரண்டாவது, இலையில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள்: வெண் ஈ பரப்பும் மஞ்சள் சித்திர வைரசு. வந்த செடிக்கு மருந்து கிடையாது. முதல் செடிகளைக் கண்ட அன்றே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். அந்த வயலின் விதையை அடுத்த முறைக்கு வைக்காதீர்கள். மூன்றாவது, பூவையும் பிஞ்சையும் வலையால் சேர்த்துக் கட்டித் துளைக்கும் காய்துளைப்பான். இதற்குப் பூக்கும் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை வயலைச் சுற்றிப் பார்க்க வேண்டும், காய்க்குள் புழு போன பிறகு எந்த மருந்தும் அதைத் தொடாது. எந்தப் பீடைநாசினி, எவ்வளவு என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

காய் கறுத்ததும் காலையில், பனி ஈரம் இருக்கும்போது ஆயுங்கள். நண்பகலில் தொட்டால் வெடித்துச் சிதறும். நன்றாகப் பார்த்த வயலில் ஏக்கருக்கு 400 முதல் 500 கிலோ எதிர்பார்க்கலாம்.

மற்றவை

கௌபி பயறைவிட வரட்சி தாங்கும். 30 × 15 செ.மீ. இடைவெளி, ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ விதை. இளம் இலையும் பிஞ்சும் கறிக்கு, விதை அவிக்க, கொடி மாட்டுக்கு. முதல் முறை அவரையினம் செய்பவர் மேட்டு நிலத்தில் இதிலிருந்து தொடங்கலாம். உழுந்துக்கு நல்ல விலை உண்டு, ஆனால் முற்றும் நேரத்தில் மழை பிடித்தால் விதை நிறம் மாறிக் காயிலேயே முளைக்கும். வாடை மழை எப்போது ஓயும் என்பதைக் கணித்து, காய் முற்றும் காலம் அதற்குப் பின் வரும்படி விதைநாளைக் குறிக்க வேண்டும்.

கச்சானுக்கு மணல். திருக்கோணேஸ்வரத் திருவிழாக் கடைகளில் வறுத்து விற்கும் கச்சான், நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் நன்றாக வரக்கூடிய பயிர். பூ மேலே பூத்தாலும் காய் மண்ணுக்குள்ளே உருவாகும். கருவுற்ற பூவிலிருந்து ஒரு விழுது கீழே நீண்டு மண்ணுக்குள் இறங்கி அங்கேதான் காய்க்கும். மண் இறுகியிருந்தால் விழுது இறங்காது. ஆகவே விழுது இறங்குவதற்கு முன்பே மண்ணைக் கொத்தி அணைத்துவிட வேண்டும், பிறகு மண்வெட்டி வைக்கக் கூடாது. காய் தனக்கு வேண்டிய கல்சியத்தை வேர் வழியாக அல்லாமல் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுக்கும். கல்சியம் குறைந்த மணலில் தோடு பெரிதாகி உள்ளே பருப்பில்லாமல் பொக்காகப் போகும். பூக்கும் காலத்தில் செடியடியில் ஜிப்சம் இடுவது இதற்காக.

கச்சானில் ஒரு ஆபத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈரத்தோடு குவித்து வைத்தால் ஒரு வகைப் பூஞ்சணம் பிடித்து அஃப்லாரொட்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். வறுத்தாலும் முழுதாக அழியாது. பிடுங்கிய உடனே செடியைக் காய் மேலே இருக்கும்படி கவிழ்த்துக் காயவைத்து, குலுக்கினால் உள்ளே கலகலவென்று கேட்கும்வரை உலர்த்துங்கள். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, கறுத்த பருப்பை வீட்டுக்கும் வேண்டாம், பிண்ணாக்குக்கும் வேண்டாம். மாட்டுக்குப் போனால் பாலில் வரும்.

சாக்குக்குள் போன பிறகு

பயறு, கௌபி விளைவித்தவர்கள் பலர் விலை குறைந்த அறுவடை நாளிலேயே விற்றுவிடுவது வண்டுக்குப் பயந்துதான். பயற்று வண்டு வயலிலேயே காயில் முட்டையிட்டு விதையோடு வீட்டுக்கு வருகிறது. விதைமேல் ஒட்டிய வெள்ளைப் புள்ளிதான் முட்டை. புழு உள்ளே குடைந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வட்டத் துளையோடு வண்டாய் வெளிவரும். ஒவ்வொன்றும் பல பத்து முட்டையிடும், மூன்று மாதத்தில் சாக்கு மாவாகிவிடும்.

தடுப்பது கடினமல்ல. பல்லால் கடித்தால் நசியாமல் ‘டக்’ என்று உடையும்வரை, ஈரம் 12 வீதத்துக்குக் கீழே வரும்வரை, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். ஆறிய பிறகே கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்க்கும். காற்றுப் புகாத பீப்பாவிலோ தடித்த பொலித்தீன் பையை உள்ளே வைத்த சாக்கிலோ விளிம்புவரை நிரப்பி இறுக்கிக் கட்டினால், உள்ளிருக்கும் ஒட்சிசன் தீர்ந்து வண்டு மடியும். மேற்கு ஆபிரிக்காவின் கௌபி விவசாயிகளிடம் பரவிய மூன்றடுக்குப் பையும் இதே தத்துவந்தான், மருந்தே தேவையில்லை. ஆனால் அடிக்கடி திறந்து பார்த்தால் பயனில்லாமல் போகும். வீட்டுத் தேவைக்கு வைப்பதை ஒவ்வொரு மாதத்துக்குமாகச் சிறு பைகளில் தனித்தனியாகக் கட்டுங்கள். சிறிதளவு என்றால் ஒரு கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ விதை முழுவதும் படும்படி பிரட்டி வைத்தாலும் முட்டை பொரிக்காது. வேப்பெண்ணெய் விதைக்கு வைப்பதற்கு மட்டும், சமையலுக்கு வைப்பதற்குத் தேங்காயெண்ணெய்.

விதைக்கு வைப்பதை முதல் ஆய்ச்சலின், நோயில்லாத செடிகளின் பெரிய காய்களிலிருந்து தனியே எடுத்து வையுங்கள். விதைப்பதற்குப் பத்து நாள் முன்னர் 100 விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வைத்து, துணி காயாமல் நீர் தெளித்து, ஐந்தாம் நாள் திறந்து எண்ணுங்கள். 85க்கு மேல் நல்ல முளை இருந்தால் 12 கிலோ கணக்குச் சரி. 70 என்றால் 15 கிலோவாகக் கூட்ட வேண்டும். அதற்கும் கீழே என்றால் அதைச் சமையலுக்கு எடுத்துவிட்டு, கமநல சேவைகள் நிலையத்திலோ விவசாயத் திணைக்கள விதை விற்பனை நிலையத்திலோ புதிய விதைக்கு நெல் வெட்டத் தொடங்கும் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். வெட்டிய பிறகு தேடினால் வயல் ஈரம் உங்களுக்காகக் காத்திருக்காது.